மூட்டத்துல போட்ட கோடு

என் சுகந்தி அம்மணிக்கு,

வாழவந்தியில இருந்து உங்க ரைட்டர் அண்ணன் எழுதுறேன். "நல்லா இருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சு எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அதை எழுதினேன், அடிச்சேன், மறுபடி எழுதினேன், மறுபடியும் அடிச்சேன். காபி எஸ்டேட்டுல ஒரு ஆயுசு பூரா அடித்தல் திருத்தல் இல்லாம, ஆளுங்க வருகை எழுதற மஸ்டர் புக் எழுதினவன் நான். உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதறதுக்குள்ள பாதி நோட்டைக் கிழிச்சுட்டேன்.

உங்க மொத மாணவி நித்யா போன வாரம் வந்திருந்துச்சு. உங்க பேர்ல நினைவு மலர் போடுறாங்களாம். பெரிய பெரிய புரொபசரெல்லாம் எழுதுறாங்களாம், "ரைட்டரய்யா, நீங்களும் ரெண்டு பக்கம் எழுதுங்க"ன்னு சொல்லுச்சு. எனக்கு என்ன கண்ணு எழுதத் தெரியும்னு கேட்டேன். "மேடத்துக்கு நேரா கடுதாசி எழுதற மாதிரி எழுதிருங்க"ன்னுச்சு. சரின்னு தலையாட்டிட்டேன். இப்ப எழுத உட்கார்ந்தா, நினைவு மலர்ல போடற சங்கதி எதுவும் வர மாட்டேங்குது. வேற ஒண்ணு மனசுல நிக்குது. அதைச் சொல்லாம உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதினா அது பொய்.

முதல்ல ஊர்ச் சேதி சொல்லிடுறேன், கொஞ்சம் தைரியம் வரட்டும். நீங்க போய் மூணு மாசம் ஆச்சு. மூட்டம் இறங்க ஆரம்பிச்சாச்சு. ஒண்டிக்கடையில பாய் டீக்கடை இருக்கில்ல, அதுக்கு முன்னாடி தகரம் இறக்கிட்டாரு, இப்ப மழைக்கு உள்ளயே நின்னு குடிக்கலாம். "டாக்டரம்மா வந்தா இஞ்சி தூக்கலாப் போடச் சொல்லுவாங்களே"ன்னு ஒரு நாள் சொன்னாரு. எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்திருக்காரு. சின்ன வயசு, வேகமா நடக்கறாரு, வேகமாப் பேசறாரு. அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன், அவராலதான் இத்தனை கூத்தும்.

நீங்க மொத மொதல்ல எஸ்டேட் ஆபீசுக்கு வந்த அன்னைக்கு என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? "அண்ணா, உங்க தோட்டத்துல மலை அணில் இருக்காமே?" அதுக்கு நான், "இருக்குதுங்க, ஒரு பலாப்பழம் மிச்சம் வெக்கறதில்ல, புடிச்சுட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டேன். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. பட்டணத்துப் புள்ள, ஒரு வாரம் இருக்கும், அட்டை ரெண்டு கடிச்சா பஸ் ஏறிடும்னு நெனச்சேன். நீங்க எங்க தொழிலாளி லைன் வீடுங்களுக்குப் பின்னால வாடகைக்கு ரூம் புடிச்சுட்டு மூணு வருஷம் இருந்தீங்க. அப்புறம் டாக்டர் ஆகி, வாத்தியார் ஆகி, தலைமயிர் நரைச்சும் மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டே இருந்தீங்க.

உங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். மலை அணில் காபித் தோட்டத்துக்குப் பலாவும் அத்தியும் திங்க வந்துட்டுப் போகுதா, இல்ல இங்கயே குடியிருக்குதா? அதுக்கு முன்னால படிச்சவங்க எல்லாம் அது காட்டு ஜீவன், தோட்டத்துக்கு வந்து போகுதுன்னு சொல்லிட்டாங்களாம். மழை மாசத்துல எல்லாம் கீழ பள்ளத்துக் காட்டுக்கு இறங்கிடும்னு. "வருஷம் முழுக்க எண்ணினாத்தான் தெரியும் அண்ணா, என்னால முழுக்க இங்க இருக்க முடியாது. நீங்க எண்ணித் தருவீங்களா?"ன்னு கேட்டீங்க.

எட்டு மரம். ஒவ்வொண்ணுலயும் கூடு. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு ஆளு, எல்லாம் தனிக்கட்டை. வெள்ளைப் பெயிண்டுல நம்பர் போட்டீங்க. காலையில மஸ்டர் முடிச்சு, ஆளுங்களை வேலைக்குப் பிரிச்சு அனுப்பிட்டு, நான் தோட்டத்தைச் சுத்தி வரும்போது ஒவ்வொரு மரத்தடியிலயும் பத்து நிமிஷம் உட்காரணும். "பார்த்தா ஒரு கோடு போடுங்க, இல்லைன்னா சுழி போடுங்க." அவ்வளவுதான் நீங்க சொல்லிக் குடுத்தது. எனக்கு அதைச் சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்ல. மஸ்டர் புக்குலயும் அதே தானுங்களே. ஆளு வந்திருந்தா கோடு, வரலைன்னா சுழி.

பேரு வெக்கக் கூடாது, நம்பர்தான்னு கண்டிப்பாச் சொன்னீங்க. நான் ஏழாம் நம்பர் அத்தி மரத்துக்காரிக்குப் பெரியக்கான்னு பேரு வெச்சேன், அவ நொம்ப அதிகாரமாக் கத்துவா; அவளுக்கு அப்புறம் அந்த மரத்துக்கு யாரு குடி வந்தாலும் எனக்குப் பெரியக்காதான். ரெண்டே மாசத்துல நீங்களே ஆபீசுக்குள்ள வந்து, "அண்ணா, பெரியக்கா இன்னைக்குக் குட்டியைத் தூக்கிட்டு வேற கூட்டுக்குப் போறா"ன்னு கத்தினீங்க. பழைய முதலாளி உள்ள இருந்து எட்டிப் பார்த்து, "யாரு பெரியக்கா, எந்த லைனு?"ன்னு கேட்டாரு.

இதெல்லாம் நினைவு மலருக்கு நல்லாத்தான் இருக்கும். இத்தோட நிறுத்திட்டா எனக்கும் நிம்மதி. என்னால நிறுத்த முடியலீங்க.

வெளியூர்க்காரங்களும் இதைப் படிப்பாங்க, அதனால விவரமாச் சொல்றேன். மஸ்டர் புக்குல கட்டம் காலியா இருக்கக் கூடாது. காலிக் கட்டம்னா ரைட்டர் தூங்கிட்டான்னு அர்த்தம். கோடு, இல்லைன்னா சுழி. மூணாவது ஒண்ணு கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மழை மாசம், மூட்டம் அப்பிக்கிட்டு நிக்குது, எதிர்ல இருக்கிற ஆளு மூஞ்சி தெரியாது. பேரு கூப்பிடுறேன். செம்மநத்தத்துல இருந்து நடந்து வர்ற பாப்பாத்தி அக்கா குரல் கேக்கலை. சுழி போட்டுட்டேன். அந்தக்கா ஓரமா நின்னுக்கிட்டு இருந்திருக்குது. சளி புடிச்சுத் தொண்டை கட்டியிருந்துச்சு, "இருக்கேன் சாமி"ன்னு சொன்னது எனக்குக் கேக்கலை. நாள் பூரா காபிக் கொட்டை பறிச்சுட்டுச் சாயங்காலம் ஆபீசு வாசல்ல வந்து நின்னுச்சு. "நான் வந்து நின்னதுக்கு ஊரே சாட்சி. நீ இல்லைன்னு எழுதிட்டியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"ன்னு கேட்டுச்சு. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். மூட்டத்துல ஆளு தெரியலைங்கிறதுக்காக ஒருத்தரை இல்லைன்னு எழுத மாட்டேன். நேத்து வந்த ஆளு, லைனுல குடியிருக்கிற ஆளு, ஊருக்குப் போறேன்னு சொல்லலைன்னா, அவங்க இருக்காங்கன்னுதான் கோடு போடுவேன். அப்படித்தான் கடைசி வரைக்கும் போட்டேன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல. எனக்கு நல்ல ரைட்டர்னு பேரு வந்ததே அதனாலதான்.

இப்பப் புரியுதுங்களா அம்மணி, நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேன்னு?

சத்தியமாச் சொல்றேன், ரிட்டயர் ஆன பின்னாடியும், இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் தவறலை. காய்ச்சல்ல கூடச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுப் போய் மரத்தடியில உட்கார்ந்திருக்கேன். ஆனா மழை மாசத்துல பாதி நாளு எனக்கு மரமே தெரியாது, அப்புறம் எங்க இருந்து அணில் தெரியும்? பத்து நிமிஷம் மேல பார்த்துக்கிட்டு உட்காருவேன். இலை அசையற சத்தம், தண்ணி சொட்டற சத்தம். சில நாளு கடிச்சுப் போட்ட அத்திக்காய் கீழ கெடக்கும். நேத்து போட்டதா இன்னைக்குப் போட்டதான்னு யாரு கண்டா? பெரியக்கா இந்த மரத்துலதான் குடியிருக்கா, ஊருக்குப் போறேன்னு என்கிட்டச் சொல்லலை. கோடு போட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போயிடுவேன். தப்புப் பண்றோம்னு ஒரு துளி தோணலீங்க. அவளை இல்லைன்னு எழுதறதுதான் தப்புன்னு நெனச்சேன்.

அந்த நோட்டுங்களை எல்லாம் கட்டிக் கட்டி உங்களுக்குக் குடுத்தேன். நீங்க அதை வெச்சு எழுதினீங்க. மழை மாசத்துலயும் மலை அணில் தோட்டத்து நிழல் மரத்தை விட்டுப் போறதில்ல, அது வந்து போற விருந்தாளி இல்ல, அதுக்குச் சொந்த ஊடே இதுதான். அந்த ஒரு கட்டுரைதான் உங்களைத் தூக்கி விட்டுச்சுன்னு நித்யா சொல்லுது. எங்கெங்கயோ இருக்கிற நாட்டுக்காரங்க காபித் தோட்டத்தைப் பத்தி எழுதினாலும் உங்க பேரைச் சொல்லாம எழுதறதில்லையாம். காலேஜ் பாடத்துல இருக்குதாம். அதைக் காட்டித்தானே நீங்க இந்த மலையில ஒவ்வொரு முதலாளிகிட்டயும் போய், "பழைய மரத்தை வெட்டிட்டு சில்வர் ஓக் மட்டும் வெக்காதீங்க"ன்னு கேட்டீங்க? எத்தனை பேரு கேட்டாங்க! எங்க எஸ்டேட்டுல அத்தியும் நாவலும் பலாவும் நிக்குதுன்னா உங்களாலதான்.

கட்டுரையோட கடைசியில நன்றின்னு போட்டு என் பேரை அச்சடிச்சிருந்தீங்க. இங்கிலீசுல என் பேரு எப்படி இருக்குன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து பாய் கடையில ஒட்டி வெச்சேன். டீ குடிக்க வர்றவன் போறவனை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். என் ஊட்டுக்காரி சரசு தலையில அடிச்சுக்கிட்டா. "ஏனுங், அணில் எண்ணினதுக்கா இந்த அலப்பறை?"ன்னு கேட்டா.

இப்ப நித்யா அந்த நோட்டுங்களை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துது. யாரு வேணாலும் எந்த நாட்டுல இருந்தும் எடுத்துப் பார்க்கலாமாம். போன வாரம் எங்க ஊட்டுக்கு வந்து காபி குடிச்சுக்கிட்டே சாதாரணமாத்தான் கேட்டுச்சு. "ரைட்டரய்யா, வெயில் மாசத்துல அங்கங்க சுழி இருக்கு. மழை மாசத்துல ஒரு சுழி கூட இல்லையே? மூட்டத்துல எப்படிங்க பார்த்தீங்க?"

"அடுப்புல பால் வெச்சிருக்குது"ன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். ஊட்டுல பால் அடுப்பு எல்லாம் சரசு பார்த்துக்கற வேலை, அவ என்னை ஒரு மாதிரியாப் பார்த்தா. அந்தப் புள்ள கேட்ட பின்னாடிதான் எனக்கே உறைச்சுது. மஸ்டர் வேற, இது வேற. பாப்பாத்தி அக்கா தன் வாயால இருக்கேன்னு சொல்லும். அணில் இருக்குதா இல்லையாங்கிறதுதான் இங்க கேள்வியே. அந்தக் கேள்விக்கு நான் என் பழக்கத்தை எடுத்துப் பதிலாக் குடுத்திருக்கேன்.

இதுல ஒண்ணு என்னைத் தூங்க விடாமப் பண்ணுது. ஒரு மழை மாசம் நீங்க வந்திருந்தீங்க. ரெண்டு பேரும் ஏழாம் நம்பர் மரத்தடியில உட்கார்ந்தோம். என் கை எனக்கே தெரியலை, அப்படி ஒரு மூட்டம். பத்து நிமிஷம் ஆச்சு, நான் கோடு போட்டேன். நீங்க நோட்டைப் பார்த்தீங்க, என்னைப் பார்த்தீங்க. "அண்ணா, உங்களுக்கு மட்டும் தெரியுதா?"ன்னு கேட்டீங்க. "அவ இங்கதானுங்க இருப்பா, வேற எங்க போவா?"ன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு டீ ஊத்திக் குடுத்தீங்க.

அந்தச் சிரிப்புக்கு என்னங்க அர்த்தம்?

காது கூர்மையான ஆளு, ஏதோ சத்தம் கேட்டுப் போட்டிருப்பாருன்னு நெனச்சீங்களா? அன்னைக்கு ஒரு நாள்தான் அப்படின்னு விட்டுட்டீங்களா? இல்ல, புரிஞ்சுக்கிட்டு, இந்த ஆளு முன்னால வேண்டாம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு வெச்சு, அப்புறம் மறந்துட்டீங்களா? தெரியலைன்னா நான் உங்களை ஏமாத்தியிருக்கேன். தெரிஞ்சிருந்துச்சுன்னா, அம்மணி, அதை எழுதவே கை கூசுது. சட்டுனு கோவப்படுவீங்களே தவிரப் பொய் சொல்ற ஆளு கிடையாது நீங்க. ரெண்டுல எதை நம்பறதுன்னு தலையும் புரியலை, வாலும் புரியலை. கேக்கலாம்னா நீங்க இல்லை. ஏன் அப்படிப் பாதியில எந்திரிச்சுப் போனீங்க? உங்க மேல எனக்கு நொம்பக் கோவம்.

சரசுகிட்டச் சொன்னேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா. "போன மனுசி பேரை இப்பப் போய்க் கெடுக்கணுமா? உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அணிலா வந்து சாட்சி சொல்லப் போகுது? பேசாம இருங்க"ன்னா. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. பேசாம இருந்துடலாம்னு ரெண்டு நாளு இருந்தேன். நித்யா போன் பண்ணினப்ப எடுக்கலை.

மூணாவது நாளு புது மேனேஜர் ஆளு விட்டுக் கூப்பிட்டாரு. போனேன். உட்காரச் சொன்னாரு. நான் ரிட்டயர் ஆனப்புறம் அந்த ஆபீசுல என்னை யாரும் உட்காரச் சொன்னதில்ல, அப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. கீழ பள்ளத்துக் காடு எஸ்டேட்டுக்குச் சேர்ந்ததுதானே, அதுல இருக்கிற மரத்தை எடுத்துட்டுப் புதுசாக் காபி வெக்கறதுக்கு சர்க்கார்ல அனுமதி கேக்கப் போறாங்களாம். உங்க கட்டுரையை மேசை மேல வெச்சிருந்தாரு.

"டாக்டரம்மாவே எழுதியிருக்காங்க ரைட்டர். மழைக்காலத்துலயும் அணில் மேல தோட்டத்துலதான் இருக்கு, பள்ளத்துக்கு இறங்கறதில்ல. அப்ப அந்தப் பள்ளத்தை எடுத்தா எந்த ஜீவனுக்கு என்ன நஷ்டம்? நீங்கதானே எண்ணினீங்க. ஆமா, இப்படித்தான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. மனுவோட வெச்சுக்கறோம்."

பேனாவைக் கூட எடுத்து நீட்டிட்டாரு. மேல இருக்கிற மரத்தைக் காப்பாத்தறதுக்கு நீங்க எழுதினது, கீழ இருக்கிற மரத்தை வெட்டறதுக்குச் சாட்சியா நிக்குது பாருங்க. மழையில பெரியக்காளும் மத்ததுங்களும் உண்மையிலேயே அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்குதோ என்னமோ? இறங்கலையோ என்னமோ? எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும்னு எட்டு மரத்துக்கும் கோடு போட்டு வெச்சிருக்கேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கண்ணாடி என் சட்டைப் பையில வெளிய தெரியற மாதிரி இருந்துச்சு.

ஊட்டுக்கு வராம அந்தப் பள்ளத்துப் பக்கமே நடந்தேன். உண்மையைச் சொன்னா, கட்டுரை விழுந்துடும். அது விழுந்தா, மேல நிழல் மரத்தை வெச்சிருக்கிற முதலாளிங்க, "அதான் பொய்யின்னு ஆகிப்போச்சே"ன்னு கோடாலியை எடுப்பாங்களோ? சொல்லாம கையெழுத்துப் போட்டா, பள்ளம் போயிடும். அணில் அங்கதான் மழைக்கு ஒதுங்குதுன்னா, அப்புறம் அதுக்குப் போக்கிடம் ஏது? இந்தப் பக்கம் உங்க பேரு, அந்தப் பக்கம் நீங்க யாருக்காக இத்தனை வருஷம் அட்டைக்கடி பட்டீங்களோ அதுங்க. நீங்களா இருந்தா எதை விடுவீங்க? நூறு தடவை கேட்டுப் பார்த்தேன். நூறு தடவையும் நீங்க அந்த மாதிரி சிரிச்சுட்டு டீ ஊத்திக் குடுக்கறதுதான் தெரியுது.

இத்தனை நாளும் மலையிலயே தங்கியிருந்த நித்யா, நேத்து சேலத்துக்கு பஸ் ஏற ஒண்டிக்கடைக்கு வந்துச்சு. நானும் போனேன். பாய் கடையில, என் பேரு ஒட்டியிருக்கிற அந்தச் செவுத்துக்கு நேரா உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாப்பாத்தி அக்கா கதையில இருந்து மேனேஜர் நீட்டின பேனா வரைக்கும், ஒண்ணு விடலை. பாதியில பஸ் வந்துச்சு. ஏறலை, அது போயிடுச்சு.

"இத்தனை வருஷமா ஏன் ரைட்டரய்யா சொல்லலை?"ன்னு கேட்டுச்சு.

"தப்புன்னு தெரிஞ்சாத்தானே கண்ணு சொல்றது? நீ கேட்ட அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு, தெரியுங்களா?"

தெரியாதுங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. என்னால இந்தப் புள்ளையும் மாட்டுதேன்னு நெனச்சதும் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். அழுதுச்சு, மூக்கைச் சிந்துச்சு. அப்புறம் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்து ஏதோ கணக்குப் போட்டுச்சு. உங்க மாணவிதானுங்களே.

வெயில் மாசத்து எண்ணிக்கை அப்படியே நிக்குமாம். மழை மாசம் நிக்காதாம். கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு எழுதி, இந்தப் பகுதி தப்பு, இதை நம்ப வேண்டாம்னு சொல்லணுமாம். "மேடம் இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க கண்ணு?"ன்னு கேட்டேன். "திட்டியிருப்பாங்க. அப்புறம் எழுதியிருப்பாங்க"ன்னுச்சு. "உங்க மேடத்துக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு கேட்டேன். அது செவுத்தைப் பார்த்துக்கிட்டே, "எனக்குத் தெரியலை ரைட்டரய்யா"ன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல நான் கேக்கலை. இனிமேல் அது யாருக்கும் தெரியப் போறதில்ல போல. நான்தான் தெரியாமலேயே காலத்தை ஓட்டணும்.

இன்னைக்குக் காலையில மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். "கையெழுத்துப் போட முடியாதுங்க. மழை மாசத்துல நான் அணிலைப் பார்க்கலை. பார்த்ததா எழுதினது என் தப்பு." அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "அப்ப டாக்டரம்மா எழுதினதெல்லாம் சும்மாவா?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு அங்கயே உயிர் போச்சு. "அவங்க சும்மா எழுதலீங்க, நான் குடுத்ததை நம்பி எழுதினாங்க"ன்னு சொன்னேன். நம்பினாங்கன்னு சொல்லும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. ஆனா அப்படித்தான் சொன்னேன். இனிமேலும் கேக்கறவங்களுக்கு அப்படித்தான் சொல்லுவேன். மனு போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். பள்ளத்துல அணில் இருக்குதா இல்லையான்னு யாரும் பார்க்கலைன்னு நித்யா தன் பேர்ல சர்க்காருக்கு எழுதி அனுப்புது.

இந்த மழைக்கு நான் மறுபடி உட்காரணுமாம். மேல எட்டு மரம், கீழ பள்ளத்துல எட்டு மரம். நித்யா புதுத் தாள் போட்டுக் குடுத்திருக்குது. அதுல மூணாவதா ஒரு கட்டம் வெச்சிருக்குது, "தெரியவில்லை"ன்னு. இந்தக் கட்டத்தை அன்னைக்கு நீங்க போட்டுக் குடுத்திருக்கக் கூடாதுங்களா? நான்தான் கேட்டிருக்கக் கூடாதா?

இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. இதை நித்யாவே கண்டுபிடிச்சது, நானாச் சொல்லலை. எண்ணற தாளுக்கு மேல "பார்த்தவர்கள்"னு போட்டு ரெண்டு பேரு இருக்கும், உங்க பேரும் என் பேரும். நீங்க மலையில இருக்கிற நாள்ல உங்களுக்கும் ஒரு கோடு, ஊருக்குப் போயிட்டா சுழி. அதுல நான் ஒரு நாளும் தப்புப் பண்ணினதில்ல. நேத்து பாய் கடையிலயே கடைசி நோட்டைப் புரட்டிக்கிட்டே வந்த புள்ளையோட கை ஒரு பக்கத்துல நின்னுச்சு. "ரைட்டரய்யா, இது மேடம் போனதுக்கு அப்புறம் எழுதினதுங்களே"ன்னுச்சு. அந்தப் பக்கத்துலயும் உங்களுக்குக் கோடு. அடுத்த பக்கம் கோடு. மூணு மாசத்துக்கும் கோடு போட்டிருக்கேன் அம்மணி. மூட்டம் ஒண்ணும் இல்ல, நல்ல வெயில் காலம். தெரியாமப் போட்டேன்னு சொல்ல மாட்டேன். சுழி போடக் கை வரலை.

இந்தக் கடுதாசியை மலர்ல போட்டாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி, உங்களுக்கு வாக்குக் குடுக்கறேன். இனிமேல் கண்ணால பார்த்தாத்தான் கோடு. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுவேன், அது எத்தனை பக்கம் ஆனாலும். பெரியக்கா கோவிச்சுக்கிட்டாலும் சரி. நாளைக்குக் காலையில ஏழாம் நம்பர் மரத்தடியில தாளைப் பிரிச்சதும், முதல் வேலையா உங்க பேருக்கு நேரா சுழி போடுவேன். கை வராது. ஆனாலும் போடுவேன் அம்மணி.

உங்களைத் தங்கச்சின்னு ஒரு நாளும் வாய்விட்டுக் கூப்பிடாத உங்க அண்ணன்,
ரைட்டர் மாரிமுத்து
வாழவந்தி